கிளோட் மக்கெலேலே: கணக்கில் வராத ஆட்டம்

கிளோட் மக்கெலேலே (பிறப்பு: 18 பிப்ரவரி 1973) பிரான்சு நாட்டின் முன்னாள் கால்பந்து வீரர். நடுக்களத்தில் தற்காப்புப் பொறுப்பை ஏற்று ஆடியவர். நாந்த், மார்செய், செல்டா வீகோ, ரியால் மாட்ரிட், செல்சி, பாரிஸ் சான் ஜெர்மான் ஆகிய கழகங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விளையாடினார். பிரான்சு அணிக்காக 71 பன்னாட்டு ஆட்டங்களில் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆயினும் அவர் ஆடிய இடம் இன்று அவர் பெயராலேயே ‘மக்கெலேலே இடம்’ என்று வழங்கப்படுகிறது. கோலால் அளக்கப்படும் ஒரு விளையாட்டில், கோல் அடிக்காத ஒருவரின் பெயர் ஒரு பணிக்கே பெயராக நிலைத்தது அரிய செய்தி.

2003ஆம் ஆண்டு ரியால் மாட்ரிட் கழகம் அவரை விற்றது. அதன்பின் மூன்று பருவங்கள் அக்கழகத்துக்குப் பெரிய கோப்பை எதுவும் கிட்டவில்லை. இது குறித்து இரண்டு தீர்ப்புகள் நிலவுகின்றன. பக்கவாட்டில் பந்தைத் தட்டிவிடும் சாதாரண ஆட்டக்காரர் அவர் என்பது ஒன்று. விற்றவர்களின் கருத்து இது. அவர் ஒருவர் போனதால்தான் மாட்ரிட் சரிந்தது என்பது மற்றொன்று; பிற்காலத்தில் கதைபோலப் பரவியது இது. இரண்டுமே அவரது ஆட்டத்தை முழுமையாகக் காட்டவில்லை. அவரது பணி என்ன, அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை அவரது வாழ்க்கைப் பாதை வழியாகப் பார்ப்பது பயன் தரும்.

தொடக்கக் காலம்

மக்கெலேலே அன்றைய சயீர் (இன்றைய காங்கோ மக்களாட்சிக் குடியரசு) நாட்டின் தலைநகர் கின்சாசாவில் பிறந்தார். தந்தையும் கால்பந்து வீரரே. நான்கு வயதில் குடும்பத்துடன் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தார். பாரிசு நகருக்குத் தென்கிழக்கே உள்ள பகுதியில் வளர்ந்தார். பத்தொன்பதாம் வயதில், 1992இல், நாந்த் கழகத்தின் முதன்மை அணியில் இடம்பெற்றார்.

அன்றைய நாந்த் அணி, பயிற்சியாளர் ழான் குளோட் சுவோதோவின் வழிகாட்டுதலில், விரைவான குறும் பந்துப் பரிமாற்றத்துக்கும் இடைவிடாத இடப்பெயர்ச்சிக்கும் பெயர் பெற்றது. 1994-95 பருவத்தில் 38 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றுப் பிரான்சு வாகையர் பட்டத்தை வென்றது. அடுத்த பருவம் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்று யுவென்டஸ் அணியிடம் தோற்றது. அந்த அணியில் மக்கெலேலே பெரும்பாலும் வலப்பக்க நடுக்களத்தில் ஆடினார். ஓடவும், எதிரணியைத் தாண்டிச் செல்லவும், தாக்குதலில் சேர்ந்துகொள்ளவும் பழகிய இளைஞர் அவர். பிற்காலத்தில் அவரைத் தற்காப்பு வீரராக மட்டுமே அறிந்தவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியைத்தான்.

மார்செய் கழகத்தில் ஒரு பருவம் கழித்தபின், 1998இல் ஸ்பெயினின் செல்டா வீகோ அணிக்கு வந்தார். கலீசியக் கடற்கரை நகரான வீகோவின் இந்தக் கழகம் பெரிய பட்டங்கள் வென்றதில்லை. ஆனால் அக்காலத்தில் அலெக்சாந்தர் மோஸ்தவோய், வலேரி கார்ப்பின் ஆகிய ரஷ்ய ஆட்டக்காரர்களும், 1994 உலகக்கோப்பையை வென்ற பிரேசில் அணியின் மாசீன்யோவும் அங்கே இருந்தனர். 1998-99 யூஈஎஃப்ஏ கோப்பையில் லிவர்பூல் அணியை வெளியேற்றினர். அடுத்த பருவம் அதே போட்டியில் பென்பிகாவை 7-0 என்றும், யுவென்டசை 4-0 என்றும் வீழ்த்தினர். யுவென்டசுக்கு எதிரான கோல்களுள் ஒன்று மக்கெலேலே அடித்தது. நடுக்களம் முழுவதும் ஏறி இறங்கி ஆடியவராகவே ரியால் மாட்ரிட் அவரை 2000இல் வாங்கியது.

மாட்ரிட்டில் செய்த வேலை

அவர் வந்த ஆண்டு ரியால் மாட்ரிட்டில் மாற்றங்கள் நிகழ்ந்த ஆண்டு. புதிய தலைவராகப் புளோரெந்தினோ பெரெஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். நடுக்களத்தின் தூணாக இருந்த அர்ஜென்டினா வீரர் பெர்னாந்தோ ரெதொந்தோ மிலான் கழகத்துக்கு விற்கப்பட்டார். பார்சலோனாவிலிருந்து லூயிஸ் பிகோ வந்தார். 2001இல் சினதீன் சிதான், 2002இல் பிரேசிலின் ரொனால்டோ என ஆண்டுக்கொரு நட்சத்திரம் சேர்ந்தனர். இவர்கள் எல்லாரும் முன்னோக்கி ஆடுபவர்கள். பின்களத்திலும் இடப்பக்கம் ரொபெர்த்தோ கார்லோஸ், வலப்பக்கம் மிச்செல் சல்காதோ ஆகியோர் கோட்டோரமாக ஏறிச் சென்று தாக்கும் இயல்பினர்.

இப்படிப்பட்ட அணியில் பந்து பறிபோனால் நேரும் ஆபத்து வெளிப்படையானது. ஆறு, ஏழு பேர் எதிரணிப் பக்கம் நிற்பார்கள். பின்னால் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். இடையில் திறந்த வெளி. அந்த வெளியைக் காப்பதே மக்கெலேலேயின் வேலை. ரொபெர்த்தோ கார்லோஸ் ஏறினால் இவர் இடப்பக்கம் சற்று நகர்ந்து நிற்பார். எதிரணி முன்கள வீரருக்குப் பந்து வரக்கூடிய வழியில் முன்கூட்டியே போய் நிற்பார். பந்து அங்கே வராமலே போனால், பார்வையாளர் கண்ணுக்கு அவர் எதுவும் செய்யவில்லை என்றே தோன்றும். உண்மையில் அவர் அங்கே நின்றதாலேதான் எதிரணியினர் வேறு வழி தேடியிருப்பர்.

பந்து கையகப்பட்டதும் அவர் செய்தது ஒன்றே. அருகில் நிற்கும் சிதானுக்கோ பிகோவுக்கோ உடனே கொடுத்துவிடுவார். நீண்ட தூரம் அனுப்புவதில்லை. தானே எடுத்துக்கொண்டு ஓடுவதும் குறைவு. நாந்த் அணியிலும் வீகோவிலும் இவற்றைச் செய்து காட்டியவர், மாட்ரிட்டில் அணியின் தேவை கருதி அவற்றை விட்டுக்கொடுத்தார். இதைத் திறமைக் குறைவு என்று படிப்பதா, தெரிவு என்று படிப்பதா என்பதில்தான் அவரைப் பற்றிய மதிப்பீடுகள் பிரிகின்றன.

அவர் இருந்த மூன்று பருவங்களில் மாட்ரிட் 2000-01, 2002-03 ஆகிய இரு லா லீகா பட்டங்களை வென்றது. 2002இல் கிளாஸ்கோ நகரில் பேயர் லெவர்குசன் அணியை 2-1 என்று வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் பெற்றது. அந்த இறுதியாட்டத்தை உலகம் நினைவில் வைத்திருப்பது சிதான் காற்றிலேயே உதைத்து அடித்த கோலுக்காக. மக்கெலேலேயும் அன்று தொடக்கம் முதல் களத்தில் இருந்தார் என்பது பலர் நினைவில் இராது.

2003ஆம் ஆண்டின் விற்பனை

2003 ஜூன் மாதம் லா லீகா பட்டம் வென்ற கையோடு, பயிற்சியாளர் விசென்த்தே தெல் போஸ்கேயின் ஒப்பந்தத்தைக் கழகம் புதுப்பிக்கவில்லை. அணித்தலைவர் பெர்னாந்தோ இயெர்ரோவும் விடுவிக்கப்பட்டார். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்திலிருந்து டேவிட் பெக்காம் வாங்கப்பட்டார். உடன் ஆடிய நட்சத்திரங்களைவிட மிகக் குறைந்த ஊதியம் பெற்றுவந்த மக்கெலேலே ஊதிய உயர்வு கேட்டார். கழகம் மறுத்தது. கோடை முடியும் நேரத்தில் சுமார் 1.7 கோடி பவுண்டுக்கு அவர் செல்சிக்கு விற்கப்பட்டார்.

விற்றபின் பெரெஸ் கூறியதாகப் பரவலாகப் பதிவான கருத்துகள் கவனிக்கத்தக்கவை. மக்கெலேலேயின் பந்தாட்டத் திறன் சராசரியானது. எதிரணியினரைத் தாண்டிச் செல்லும் வேகம் இல்லை. அவர் தரும் பந்துகளில் பெரும்பாலானவை பின்னோக்கியோ பக்கவாட்டிலோ செல்பவை. தலையால் ஆடுவதும் இல்லை. இளைஞர்கள் வந்து அவரை மறக்கச் செய்வார்கள் என்பது அவற்றின் சாரம். இதற்கு மறுமொழிபோல, பொன் பூசிய காருக்கு மேலும் ஒரு பூச்சு எதற்கு, எஞ்சினையே இழக்கும்போது என்ற பொருளில் சிதான் சொன்னதாக ஒரு வாசகமும் புகழ்பெற்றது.

பெரெஸ் அடுக்கிய குறைகள் பொய்யானவை என்று தள்ளிவிட முடியாது. மாட்ரிட்டில் மக்கெலேலே தந்த பந்துகள் பெரும்பாலும் குறுந்தொலைவு செல்பவையே. தவறு அளவுகோலில் இருந்தது. முன்கள ஆட்டக்காரரை அளக்கும் கோலை எடுத்து, பின்னால் நிற்பவரை அளந்தார்கள். எதிரணியைத் தாண்டினாரா, நீளமாகப் பந்து அனுப்பினாரா என்று கேட்டவர்கள், அவர் நின்ற பக்கம் எதிரணி எத்தனை முறை வராமல் போனது என்று கேட்கவில்லை.

எண்கள் சொல்வது

மக்கெலேலே போனபின் மாட்ரிட் அதிகக் கோல்களை வாங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான். 2002-03 லா லீகாவில் 38 ஆட்டங்களில் 42 கோல்கள் வாங்கிய அணி, 2003-04இல் 54 கோல்கள் வாங்கியது. ஆனால் அதே அட்டவணையின் மற்றொரு பத்தியைப் பலர் பார்ப்பதில்லை. முந்தைய பருவம் 86 கோல்கள் அடித்த அணி, பெக்காம் சேர்ந்த பருவத்தில் 72 கோல்களே அடித்தது. தற்காப்பு வீரர் ஒருவர் போய், தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவர் வந்தபின், தாக்குதலே 14 கோல்கள் குறைந்தது.

பந்தைப் பறித்து அருகில் இருப்பவருக்குக் கொடுப்பது பக்கவாட்டுப் பந்து என்று கணக்கில் எழுதப்படலாம். ஆனால் அதைப் பெறுபவர் சிதான். எதிரணி ஒழுங்குபட நிற்பதற்குள் சிதானுக்குப் பந்து போய்ச் சேர்ந்தால் அங்கேயே தாக்குதல் தொடங்கிவிடும். அப்படிப் பந்தைப் பறித்துத் தருபவர் இல்லாதபோது, சிதானும் பிகோவும் பந்துக்காகக் கீழே இறங்கி வர வேண்டியிருக்கும். பிகோ வலப்பக்கத்தில் இருந்ததால், அதே பக்கத்தில் ஆடிப் பழகிய பெக்காம் நடுக்களத்தின் மையத்துக்கு நகர்த்தப்பட்டார். நீண்ட பந்துகளில் வல்லவரான அவர் அங்கே கடுமையாக உழைத்தார். ஆனால் காவல் அவருக்குப் பழகிய வேலை அன்று.

அந்தப் பருவம் முடிந்த விதம் அனைவரும் அறிந்தது. நீண்ட நாள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த மாட்ரிட், கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. மன்னர் கோப்பை இறுதியில் சரகோசாவிடம் 3-2 என்று தோற்றது. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோவை முதலில் 4-2 என்று வென்று, மறு ஆட்டத்தில் 3-1 என்று தோற்று, வெளிக்கள கோல் விதியால் வெளியேறியது.

எனினும் இந்த வீழ்ச்சி முழுவதையும் ஒருவரின் கணக்கில் எழுதுவது சரியாகாது. அதே கோடையில் பயிற்சியாளரும் அணித்தலைவரும் போயினர். நடுத் தடுப்பாட்டத்தில் இயெர்ரோவின் இடத்துக்கு அனுபவம் உள்ளவர் வாங்கப்படவில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் குறைந்த அணி, பருவ இறுதியில் களைத்தது. மக்கெலேலேயின் இழப்பு பல காரணங்களுள் ஒன்று; மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. நட்சத்திரம் ஒருவரை வாங்குவதைவிட மிகக் குறைந்த செலவில் அவரைத் தக்கவைத்திருக்கலாம்.

செல்சியில்

லண்டன் செல்சி கழகத்தை 2003 ஜூலையில் ரொமான் அப்ரமோவிச் வாங்கியிருந்தார். மக்கெலேலேக்கு அப்போது வயது 30. 2002-03 பிரீமியர் லீக்கில் 38 கோல்கள் வாங்கிய செல்சி, அவர் வந்த பருவம் 30 கோல்கள் வாங்கி இரண்டாம் இடம் பெற்றது. 2004இல் ஜொசே மொரீன்யோ பயிற்சியாளரானார். 2004-05இல் அந்த எண் 15 ஆகக் குறைந்தது. 95 புள்ளிகளுடன் 50 ஆண்டுகளுக்குப்பின் செல்சி வாகையர் பட்டம் வென்றது. அடுத்த பருவமும் பட்டம் அவர்களுக்கே. இதிலும் முழுப் புகழை ஒருவருக்குத் தருவது நியாயமன்று. கோல் காப்பாளர் பெட்டர் செக், தடுப்பாட்டக்காரர் ரிக்கார்தோ கர்வாலியோ ஆகியோர் 2004இல்தான் வந்தனர்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது மொரீன்யோ அவரைப் பயன்படுத்திய முறை. அன்று இங்கிலாந்தில் பெரும்பாலான அணிகள் 4-4-2 அமைப்பில் ஆடின. அவர்களுக்கு நடுக்கள மையத்தில் இருவர். செல்சி 4-3-3 அமைப்பில் மூவரை முக்கோணமாக நிறுத்தியது. முக்கோணத்தின் பின்முனை மக்கெலேலே. எதிரணியின் இருவரும் செல்சியின் மற்ற இருவரைக் கவனித்தால் இவர் தனியே நிற்பார். முன்கள ஆட்டக்காரர் ஒருவர் இறங்கி வந்து இவரைத் தடுத்தால் செல்சியின் நடுத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு இடம் கிடைக்கும். ஓர ஆட்டக்காரர் உள்ளே வந்தால் பக்கத் தடுப்பாட்டக்காரர் விடுபடுவார். மாட்ரிட்டில் ஓட்டையை அடைப்பவராகக் கருதப்பட்டவர், செல்சியில் அமைப்பின் தொடக்கப் புள்ளியானார். ஆட்டக்காரர் மாறவில்லை, அவரைச் சுற்றி அமைத்த ஒழுங்கு மாறியது.

செல்சிக்காக 217 ஆட்டங்களில் ஆடி 2 கோல்கள் மட்டுமே அடித்தார். முதலாவது, 2005 மே 7 அன்று சார்ல்டன் அணிக்கு எதிராக, செல்சி சொந்தக் களத்தில் கோப்பையைப் பெற்ற நாளில் வந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியை அடிக்க அவரை முன்னே அனுப்பினார்கள். கோல் காப்பாளர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை மக்கெலேலே உள்ளே தள்ளினார். அதுவே அன்றைய ஒரே கோல். அந்தப் பெனால்டியை அவரிடம் விட்டுக்கொடுத்ததில், உடன் ஆடியவர்கள் அவரை எப்படி மதித்தனர் என்பது தெரிகிறது. அதே ஆண்டு, ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஃபிஃப்புரோ உலகப் பதினொருவர் அணியிலும் அவர் இடம்பெற்றார்.

பிரான்சு அணியில்

1995இல் பிரான்சு அணிக்கு முதலில் ஆடிய மக்கெலேலே, உலகக்கோப்பை வென்ற 1998 அணியிலும் ஐரோப்பியக் கோப்பை வென்ற 2000 அணியிலும் இல்லை. திதியே தெஷாம் போன்றோர் அப்போது அந்த இடத்தில் இருந்தனர். 2004 ஐரோப்பியக் கோப்பைக்குப்பின் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து விலகினார். தகுதிச் சுற்றில் பிரான்சு தடுமாறிய நிலையில், 2005இல் சிதான், லிலியன் துராம் ஆகியோருடன் திரும்பினார்.

2006 உலகக்கோப்பையில் பிரான்சு இறுதி வரை சென்றது. மக்கெலேலேயும் பத்திரிக் வியேராவும் நடுக்களத்தில் இணைந்து நின்றனர். ஏழு ஆட்டங்களில் அணி வாங்கியவை மூன்று கோல்கள் மட்டுமே. காலிறுதியில் ரொனால்டினோ, காக்கா, ரொனால்டோ ஆகியோர் இருந்த பிரேசிலை 1-0 என்று வென்றனர். இறுதியில் இத்தாலியிடம் பெனால்டி முறையில் தோற்றனர். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது சிதானுக்குக் கிடைத்தது, அது பொருத்தமானதே. 34 வயதில் சிதான் அப்படி ஆட முடிந்ததற்கு, பின்னால் இருவர் அவருக்கான ஓட்டத்தையும் சேர்த்து ஓடினர் என்பதும் ஒரு காரணம்.

பெயரின் எல்லை

‘மக்கெலேலே இடம்’ என்ற வழக்கு அவருக்குப் பெருமை சேர்த்தது. அதே வேளையில் அவரைச் சுருக்கவும் செய்தது. பின்களத்துக்கு முன் ஒருவர் காவல் நிற்பது அவர் கண்டுபிடித்த முறையன்று. அவருக்கு முன்பே தெஷாம் இருந்தார், மாட்ரிட்டிலேயே ரெதொந்தோ இருந்தார். மேலும் அப்பெயர், அவர் பிறவியிலேயே காவல் வேலைக்கு அமைந்தவர் போன்ற எண்ணத்தைத் தருகிறது. நாந்திலும் வீகோவிலும் ஆடிய மக்கெலேலேயை அது மறைத்துவிடுகிறது.

அவரது ஆட்டத்துக்கு எல்லையும் உண்டு. இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோவும் ஸ்பெயினின் சாபி அலொன்சோவும் அதே பின் இடத்தில் நின்று, தொலைவில் உள்ளவருக்கு அளந்து பந்து அனுப்பி ஆட்டத்தையே நடத்தினர். பார்சலோனாவின் செர்கியோ புஸ்கெட்ஸ் காவலையும் பந்து நடத்துவதையும் ஒன்றாக்கினார். இவர்களோடு ஒப்பிட்டால் பந்தைக் கொண்டு ஆட்டத்தை வடிவமைப்பதில் மக்கெலேலே பின்தங்கியே நிற்பார். பந்து இல்லாதபோது ஆட்டத்தை வடிவமைப்பதில் அவருக்கு இணை சிலரே.

மதிப்பீடு

மக்கெலேலேயைப் போற்றுவோர் பெரும்பாலும் அவர் இல்லாத மாட்ரிட்டைச் சுட்டியே போற்றுகின்றனர். இழந்தபின் தெரிவதுதான் மதிப்பு என்பது ஓரளவே சரி. அவர் இருந்தபோது நடந்ததைப் பார்க்கவும் வழி இருந்தது: 86 கோல்கள் அடித்த அணியின் பின்னால் நின்றவர் யார் என்று கேட்டிருக்கலாம். அவ்வாறு கேட்கும் பழக்கம் அன்றைய நிருவாகத்தில் இல்லை. சட்டை விற்பனையில் தெரியும் பெயருக்கும் களத்தில் தேவைப்படும் ஆளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அவர்கள் ஊதியப் பட்டியலில் காட்டவில்லை.

பெரெஸ் 2006இல் பதவி விலகி, 2009இல் திரும்பி வந்தார். 2016 ஜனவரியில் சிதான் அவருடைய கழகத்துக்குப் பயிற்சியாளரானார். லூக்கா மொத்ரிச், தோனி குரோஸ் ஆகிய இரு நுட்ப ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், பிரேசிலின் காசெமீரோவை அவர் காவலுக்கு நிறுத்தினார். 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை மாட்ரிட்டுக்கே வந்தது. மக்கெலேலேக்கு முன்னால் நின்று ஆடியவருக்கு, அந்த இடத்தின் தேவையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.